பங்களாப்பூ

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது காசம்மாளின் பானை மட்டும் நிறைந்த மேனிக்கே வீடு திரும்பும். சில வருஷம் முன்பு அவள் கையால் கூழ் குடித்த அன்றுதான் அதே ஊர்த் தையலம்மாளின் சிறு மகள் வாந்தியும் பேதியுமாகி, பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்துபோனாள். பிறகு அவள் கைபட்டதை ஊரில் யாரும் தொடுவதில்லை. காசம்மாளோ காய்ச்சுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

அவள் மகள் விசாலாட்சி பாண்டியில் தாவரவியல் படித்துவிட்டு வந்திருந்தாள். நாலு பேர் நின்றால் தலை நிமிராதவள். ஒருநாள் கழனிக்குப் போகையில் தையலம்மாள் வேலிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"ஏ விசாலு, இங்க வாடி. உங்கம்மா மேலதான் எனக்குக் கோவம். இது இன்னா செடி சொல்லு. அல்லாரும் நடறதுக்குக் கொம்பு கேக்கறாங்க, பேரு தெரியல. பங்களாப்பூன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏதுக்கா இது?"

"எங்கண்ணன் பாண்டியில தோட்டவேலை பாக்கற பங்களாவுலேர்ந்து ஒடிச்சாந்து குடுத்தாரு. நான்தான் நட்டேன். ஆடு வாய வெக்காது, அதான் விசேஷம்."

விரல் விரலாகக் கிழிந்த இலை. பவழக் கொத்தாகப் பூ. மூன்று புடைப்புள்ள மஞ்சள் காய். கல்லூரியில் இதை உலர்த்தி ஏட்டில் ஒட்டிய நாள் விசாலாட்சிக்கு நினைவிருந்தது.

"பாப்பா இருந்தப்பவே காய்ச்சுதா?"

"காய்ச்சுதே. அது காயைப் பொறுக்கி, சொப்புல போட்டு சோறாக்கி வெளையாடும்."

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று விசாலாட்சி வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே காசம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். எத்தனை வருஷப் பழி. பிறகு, "அவளே நட்டதாடி?" என்றாள்.

"ஆமாம்மா."

"பேரு தெரியலன்னுடு."

"அவங்க சின்னப் புள்ள அங்கதான் தவழறான்."

காசம்மாள் அடுப்பையே பார்த்தாள். "அப்ப நீயே போய் சொல்லு. நான் சொன்னா, பழி தீத்துக்கறேன்னுவா."

மறுநாள் விசாலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது காட்டாமணக்கு வகைக்கா."

"போடி, காட்டாமணக்கு இப்டியா பூக்கும்? இதுக்கா காலேஜு போன?" தையலம்மாள் சிரித்தாள்.

விசாலாட்சி ஒரு காயைப் பிளந்து நீட்டினாள். உள்ளே மூன்று கொட்டைகள். காட்டாமணக்குக் கொட்டை தின்றால் வாந்தியும் பேதியும்தான் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தையலம்மாளின் சிரிப்பு நின்றது. செடியடியில் தவழ்ந்த பிள்ளையை வாரி எடுத்து, அதன் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள். வாயில் ஒன்றுமில்லை. அப்போதும் துழாவினாள். பிள்ளை வீறிட்டது.

சாயங்காலம் செடி இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. கொம்பு கேட்டவர்களிடம் பட்டுப்போச்சு என்றாளாம்.

அந்த ஆடியில் தையலம்மாள் குண்டானோடு வந்து காசம்மாள் முன்னால் நின்றாள். காசம்மாள் ஊற்றினாள். தையலம்மாள் அங்கேயே நின்று குடித்தாள். சனம் வேடிக்கை பார்த்தது.

ஏன் குடித்தாள் என்று தையலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. காசம்மாளும் சொல்லவில்லை. அந்த ஒரு குண்டான் கூழ் போக, மீதிப் பானையை விசாலாட்சிதான் வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.