திகதி மாற்றிய காற்று

"சத்தம் போடாதை அன்ரோனெற், நான் சொல்லுறதை முதல்..."

"நீங்கள் சொல்லிச் சொல்லித்தானே என்ர காது..."

"...முதல் கேளன்! நேற்று மட்டும் கனடாவில இருந்து எத்தினை பேர்..."

"கனடாவில இருக்கிறவனுக்குத் தலைமன்னார்க் காத்து என்னத்துக்கு? பனிக்குள்ள வலை விரிக்கப் போறானோ?"

டொமினிக் கணினித் திரையை மனைவியின் பக்கம் திருப்பினார். ஏணி சாத்தி வைத்ததுபோல ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ர பக்கத்துக்கு வந்த ஆக்கள். தேடுபொறி அனுப்பின ஆக்கள்."

"வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களோ?"

முழங்கால் தேய்ந்து கடல் தொழிலை விட்ட பிறகுதான் டொமினிக் அந்த இணையத்தளத்தைத் தொடங்கினார். பின்னேரம் வானத்தைப் பார்ப்பார். விடிய முன்னர் கரைக்குப் போய் நிற்பார். வந்து அன்றைய காற்றைப் பற்றி நாலு வரி எழுதுவார். தென்கடலா, வடகடலா, போகலாமா, வேண்டாமா. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பக்கம், தலைப்பில் அன்றைய திகதி. தளத்தின் முகவரியை ஊரில் ஒருவரும் பாடமாக்கவில்லை. படகைத் தள்ளுவதற்கு முன்னர் போனைத் தூக்கி, "தலைமன்னார் காத்து" என்று அதற்குச் சொல்லித் தேடுவார்கள். வருகிறதில் அன்றைய திகதி உள்ளதைத் தட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஒழுங்குக்குள்தான் கொலின்ஸ் வந்து புகுந்தான். அன்ரோனெற்றின் தம்பி மகன். மன்னார் ரவுணில் கடைகளுக்கு வெப்சைற் செய்து கொடுக்கிறவன். கொழும்பில் ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் ஒரு வசனத்தையும் முழுத் தமிழில் சொன்னதில்லை.

"மாமா, உங்கட கொன்ரென்ற் எல்லாம் பழசு. பழசைத் தேடுபொறி பின்னுக்குத் தள்ளிப்போடும். எல்லாப் பக்கத்திலயும் திகதி ஒவ்வொரு நாளும் தானாப் புதுசா மாறுற மாதிரி நான் செய்து விடுறன். பிறகு பாருங்கோ ற்ரபிக்கை, ஆக்கள் வந்து குவிவினம்."

செய்தும் விட்டான். கோடும் ஏறியது. அன்றிலிருந்து டொமினிக் கோயில் சபைக்குத் தலைவராக்கப்பட்டவர்போல நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

"உவன் கொலின்ஸிட்டைச் சொல்லி என்ர பிறந்த திகதியையும் ஒருக்கா மாத்தி விடுங்கோவன்," என்றாள் அன்ரோனெற். "எனக்கும் ஆக்கள் வரட்டும்."

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி விடுறது நானோ, நீங்களோ?"

போன் அடித்தது. மகள் நிறஞ்சலா. டொமினிக் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் காற்று இரைவதும் கேட்டது.

"அப்பா, இவர் விடியத் தென்கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை. போனும் எடுபடுதில்லை. இந்தக் காத்துக்குள்ள ஏனப்பா போகலாம் எண்டு போட்டனீங்கள்?"

"நானோ? விடிய அடங்கித்தான் இருக்கும், வெயில் ஏறச் சோழகக் காத்து எழும்பும், தென்கடல் வேண்டாம் எண்டெல்லோ எழுதினனான்!"

"இல்லையப்பா. நானும் கூட நிண்டு வாசிச்சனான். சோழகம் படுத்திட்டுது, தென்கடலுக்குத் தாராளமாப் போகலாம் எண்டு கிடந்தது. இண்டையத் திகதிதான் போட்டுக் கிடந்தது."

டொமினிக் தானே தேடிப் பார்த்தார். முதலாவதாக நின்றது அந்த வரிதான். அவருடைய வரிதான். போன வருடம், காற்றுக் காலம் முடிகிற கிழமையில் எழுதியது. அதன் தலையில் இன்றைய திகதி. காலையில் எழுதியதைக் கண்டுபிடிக்கக் கீழே வெகுதூரம் இறங்க வேண்டியிருந்தது. இடையில் கிடந்த ஒவ்வொன்றும் தன்னை இன்றைக்கு என்றே சொன்னது.

உடனே கொலின்ஸுக்குப் போன் அடித்தார்.

"மாமா, அந்தப் பக்கம் நம்பர் வண்ணில நிக்குது! அதைத்தான் ஆக்கள் கூட அமத்துகினம், அதாலதான் தேடுபொறி மேல வைச்சிருக்கு. தயவு செய்து கை வைச்சிராதேங்கோ."

"மருமோன் ஜெனிஸ்ரன் அதைப் பாத்திட்டுக் கடலுக்குப் போட்டானடா!"

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப... அடியில ஒரு சின்னக் குறிப்புப் போடுவமே, மாமா?"

அன்ரோனெற் போனைப் பிடுங்கினாள். "போடடா. இது போன வருசத்துக் காத்து, செத்தால் நாங்கள் பொறுப்பில்லை எண்டு போடு. அதுக்கும் மறக்காமல் இண்டையத் திகதியைப் போடு."

இருவரும் கரைக்குப் போனபோது நிறஞ்சலா மணலில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். அயல் மீனவன் பைறூஸ் தன் போட்டை எடுத்துக்கொண்டு தேடிப் போயிருப்பதாகச் சொன்னார்கள். டொமினிக் அந்தக் காற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொன்னபடியேதான் அது அடித்தது.

"பெருமைப்படுறியளோ?" என்றாள் அன்ரோனெற்.

"வாயை மூடன் அன்ரோனெற்."

"மூடுறன். அவன் வரட்டும், மூடுறன்."

வெயில் உச்சிக்கு வந்த பிறகு இரண்டு போட்டுகள் தெரிந்தன. முன்னதில் பைறூஸ், கயிற்றில் இழுபட்டுப் பின்னே ஜெனிஸ்ரனின் போட். எஞ்சினுக்குள் தண்ணீர். வலை இல்லை. ஜெனிஸ்ரன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். உள்ளங்கைகள் இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்து கிடந்தன. நிறஞ்சலா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஏசினாள், திரும்ப அழுதாள்.

டொமினிக் கிட்டப் போனார்.

"தம்பி, நான் அப்பிடி எழுதேல்லை. எழுதினதுதான், ஆனா இண்டைக்கு எழுதினதில்லை. அது என்னெண்டால், தேடுபொறி இருக்கெல்லோ, அதுக்குப் புதுசுதான் பிடிக்கும், அதுக்காகத் திகதியை..."

அன்ரோனெற் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டாள். ஜெனிஸ்ரன் கண்ணுக்குள் போன உப்புத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, மாமனார் சொல்லி முடிக்கும்வரை மரியாதையோடு கேட்டுக்கொண்டு நின்றான்.

"வலையை வெட்டி விட்டிட்டுத்தான் வந்தனான், மாமா. எந்தப் பக்கம் இழுபட்டுப் போச்சுதெண்டு உங்கட தேடுபொறியை ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோவன்."