முன்னால் போகிறவர் கால்

ஆவடியில் லோகநாயகி பயிற்சி கொடுக்கும் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு மூன்று லேன். வேகமானவர்கள் முதல் லேன், சுமாரானவர்கள் இரண்டாவது, இப்போதுதான் கை கால் அடிக்கப் பழகியவர்கள் மூன்றாவது. மாதம் ஒருமுறை ஸ்டாப் வாட்ச் பிடித்துப் பார்த்து அவள்தான் பிரிப்பாள். ஒரு லேனுக்கு ஆறு பேர், அதற்கு மேல் ஒரு தலைகூடத் தாங்காது. ஒருவர் பின்னால் ஒருவர் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முன்னால் போகிறவர் காலில் இடிக்கக் கூடாது. இதைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெற்றோர் கண்ணில் படும்வரை. மூன்றாம் லேன் என்றால் மக்குப் பிள்ளைகள் என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ கொளுத்திப்போட்டார்கள். அவ்வளவுதான், குளத்தில் கால்கூட நனைக்காத அப்பாக்கள் எல்லாம் ஆளுக்கொரு ஸ்டாப் வாட்சோடு வந்து நின்றார்கள்.

அவர்களில் ரகுநாதன் குளத்தை நடத்தும் கமிட்டியின் செயலாளர். ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவர். மகன் பிரசன்னா இரண்டாம் லேன். பையன் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தான், அப்பாவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"வேகமா போறவங்களோட விட்டாத்தானே மேடம் வேகம் வரும்? முதல் லேன்ல போட்டுடுங்க" என்றார். இந்த வேலை உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் காதில் விழுந்தது அதுதான்.

பிரசன்னா உள்ளே வர ஒருவர் வெளியே போக வேண்டும். லோகநாயகி பட்டியலை எடுத்தாள். பிள்ளைகளின் நேரத்தை எங்கே பார்த்தாள், அவர்களுடைய அம்மா அப்பாவைப் பார்த்தாள். கோகுல்நாத்தின் அப்பா வக்கீல். ரேஷ்மாவின் அம்மா வாயைத் திறந்தால் ஊரே கூடிவிடும். இப்படியே ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி, கடைசியில் நிஷாவிடம் வந்து நின்றாள். ஆறு பேரில் நிஷாதான் முதல். அப்பாவுக்கு டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அம்மா மங்களம் யாரிடமும் சண்டைக்குப் போகத் தெரியாதவள்.

மூன்று மாதத்தில் மாவட்டத் தேர்வு. அதில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம். அதற்காகவே விடியுமுன் எழுந்து வருகிறவள் நிஷா. இது லோகநாயகிக்குத் தெரியாதா? நல்லா நீந்துற பிள்ளை எங்கே போட்டாலும் நீந்தும் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் பெயரை இரண்டாம் லேனில் எழுதினாள்.

இரண்டே வாரத்தில் பிரசன்னாவுக்கு மூச்சு வாங்கிற்று, அவன் பேட்மிண்டனுக்குப் போய்விட்டான். காலியான இடத்தைக் கேட்டு அன்றைக்கே மூன்று அம்மாக்கள் போன் செய்தார்கள். மங்களம் செய்யவில்லை. செய்தவர்களில் ஒருத்தியின் பிள்ளைக்கு இடம் போயிற்று. அதோடு நேரம் பார்த்துப் பிரிப்பதும் நின்றது, தேர்வுவரை நிஷா இரண்டாம் லேனிலேயே கிடந்தாள். வெட்கங்கெட்ட வேலைதான், வேறென்ன சொல்ல.

தேர்வன்று ஐம்பது மீட்டரை முப்பத்தைந்து வினாடிக்குள் நீந்த வேண்டும். முதல் லேனில் இருந்தபோது நிஷா முப்பத்து மூன்றில் வந்தவள். நன்றாகத்தான் பாய்ந்தாள். பாதித் தூரம் போகுமுன் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தாள். நாலு கை போட்டதும் மறுபடி பார்த்தாள். அந்த லேனில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. முப்பத்தாறு வினாடி ஆயிற்று.

மங்களம் ஓடிவந்து லோகநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்ததே மிஸ் புண்ணியத்தில்தான், பிள்ளைக்குத்தான் கொடுப்பினை இல்லை என்றாள். அந்த நன்றி செருப்படியாக விழுந்தது.

லோகநாயகி கையை விடுவித்துக்கொண்டு, துண்டைப் போர்த்தி நின்ற நிஷாவிடம் ஏன் தலையைத் தூக்கினாய் என்று கேட்டாள்.

"ரெண்டாவது லேன்ல வர்றப்போ மாறியே முன்னாடி யாரோ போற மாறி இருந்துச்சு மிஸ். காலுல இடிச்சிடப் போறேன்னு மெதுவா வந்தேன்" என்றாள் நிஷா. "இடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிகினே இருப்பீங்க."