குழந்தைகள் திறக்க முடியாத டப்பா

பிரெண்ட் ஹாலக்கின் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. பிப்ரவரி வரைக்கும் அப்படி இல்லை. அதுவரை அவன் எனக்கு வெறும் மேனேஜர்தான்.

ராக் ஐலண்டில், ஆற்றைப் பார்த்து நிற்கும் எழுபத்திரண்டு வீட்டுக் குடியிருப்பில் பதினாறு வருடமாக நான் வேலை பார்க்கிறேன். குழாய், ஹீட்டர், பூட்டு, குப்பை, எது என்றாலும் ஹார்லனைக் கூப்பிடு என்பார்கள். வாடகையில் பெரும்பங்கை வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு கட்டுவதால், வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களுமே அங்கே குடியிருக்கிறார்கள். இடம் கிடைக்க மூன்று வருடமாவது காத்துக் கிடக்க வேண்டும்.

நாலாவது மாடி வெர்னிஸ் டாலிவர் அப்படிக் காத்துக் கிடந்து வந்தவர். முப்பத்தோரு வருடம் பன்றிக்கறித் தொழிற்சாலையில் எலும்பிலிருந்து கறியைப் பிரித்த கைகள் அவருடையவை. இப்போது விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கின்றன. காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். வலிக்கு விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. தேவாலயத்தில் யாரோ சொன்னார்கள் என்று, எங்கள் மாநிலத்தில் சட்டப்படி நடக்கும் கஞ்சாக் கடைக்குப் போனார், அறுபத்தேழு வயதில், முதல் தடவையாக.

டாக்டரைப் பார்க்கப் போகிறவர்போல நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்களாம். "இந்த மூஞ்சிக்கு இருபத்தொண்ணு ஆயிருச்சான்னு பாத்தானுங்க ஹார்லன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். உள்ளே இருந்த பையன் பொறுமையாக எல்லாம் விளக்கியிருக்கிறான். கஞ்சா கலந்த மிட்டாயில் முதலில் பாதிதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது, பாலத்தைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான அயோவாவுக்குள் கொண்டு போகவே கூடாது, அங்கே அது குற்றம். இத்தனையும் சொன்னவன், நீங்கள் குடியிருப்பது யார் வீட்டில் என்று மட்டும் கேட்கவில்லை.

எங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்துவிட்டது. வாஷிங்டன் இன்னும் அனுமதிக்கவில்லை. சொந்த வீடு இருப்பவனை அதற்காக யாரும் தேடி வரப்போவதில்லை. வாஷிங்டன் பணத்தில் குடியிருந்தால் அதே மிட்டாய்க்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். குடிவரும்போது கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் எங்கோ ஒரு மூலையில் அது எழுதியிருக்கிறது. அவர் அதைப் படிக்கவில்லை. பதினாறு வருடத்தில் நானும் படித்ததில்லை.

மிட்டாய் ஒரு தகர டப்பாவில் இருந்தது. குழந்தைகளால் திறக்க முடியாத டப்பா என்று அதன்மேலேயே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். சட்டம் அப்படித்தான் கேட்கிறதாம். கை வலிக்காரர் வாங்கும் மருந்தைக் கை வலிக்காரரால் திறக்க முடியாதபடி அடைத்துக் கொடுக்கும் மூளை எப்பேர்ப்பட்ட மூளை. வெண்ணெய்க் கத்தி, கதவிடுக்கு என்று இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் டப்பாவோடு கீழே ஆபீசுக்கு வந்தார்.

ஒளித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கிய பொருளை யார் ஒளிப்பார்கள்?

நான் ஆபீஸ் ஹீட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை என்னிடம் நீட்டினார். அழுத்தினேன், திருகினேன், கடைசியில் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தேன். அசையவில்லை. பிரெண்ட் பனி அள்ளுகிறவனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி டப்பாவை வாங்கினான். ஒரு மூலையைக் கட்டைவிரலால் அமுக்கி, அப்படியே இழுத்தான். டக்கென்று திறந்துகொண்டது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

போனை வைத்த பிறகுதான் டப்பாவின் மேல் இருந்ததைப் படித்தான். முகம் மாறியது. இது என்ன மிஸ் டாலிவர் என்று கேட்டான்.

"கை வலிக்கு தம்பி. கடையிலதான் வாங்குனேன், பில்லு இருக்கு" என்று பையைத் துழாவி எடுத்து அதையும் அவரே கொடுத்தார். மறுபடி மூடிய டப்பாவும் பில்லும் அவன் மேஜை இழுப்பறைக்குள் போயின.

அடுத்த வாரம் கடிதம் தயாரானது. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஆட்சேபணை இருந்தால் மேலதிகாரியிடம் நேரில் சொல்லலாம். போதைப்பொருள் என்று காரணம் காட்டி வெளியேற்றப்பட்டால், இந்த மாதிரி வேறு எந்தக் குடியிருப்பிலும் மூன்று வருடத்துக்குக் கதவு திறக்காது. அவருக்கு இருப்பது மெம்ஃபிஸில் ஒரு தங்கை மட்டும், அவளும் ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் ஆறு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கடிதத்தை அவர் கதவில் ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தான் பிரெண்ட். ஒட்டினேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேலதிகாரி திருமதி லிண்ட்குவிஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து வந்தார். மிஸ் வெர்னிஸ் அதே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிரெண்ட் இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி வைத்தான். இந்தச் சமாச்சாரமெல்லாம் தனக்கு என்னவென்றே தெரியாது, வாடைகூட ஆகாது, மற்ற குடித்தனக்காரர்களை நினைத்துத்தான் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அரை மணி நேரம் ஒப்பித்தான்.

உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்க்க லிண்ட்குவிஸ்ட் டப்பாவைத் திறக்கப் பார்த்தார். நகம் உடைந்ததுதான் மிச்சம். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றது எதுக்கு மேடம்" என்றேன். "டப்பாவை பிரெண்ட்கிட்ட குடுங்க."

கொடுத்தார். அவன் யோசிப்பதற்குள் கட்டைவிரல் மூலைக்குப் போய்விட்டது. டக். திறந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது.

பிறகு அவனே பேசினான்.

"என் சொந்த வீட்டுல நான் என்ன பண்றேங்கிறது என் இஷ்டம். சட்டம் இடம் குடுக்குது."

"எனக்கும் அந்தச் சட்டந்தான்னு நெனச்சுட்டேன் தம்பி" என்றார் மிஸ் வெர்னிஸ். குரலில் கோபம்கூட இல்லை. கேலி செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

லிண்ட்குவிஸ்ட் ஃபைலை மூடினார். விரட்டலாம் என்றுதான் விதி இருக்கிறது, விரட்டியே தீர வேண்டும் என்று இல்லை என்றார். இனிமேல் அந்தக் கட்டிடத்துக்குள் கஞ்சாவே கொண்டுவர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வீடு தங்கும். மிஸ் வெர்னிஸ் பேனாவை மடக்கிய கைக்குள் செருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெகுநேரம் ஆயிற்று. போட்டுவிட்டு நிமிர்ந்து, "அப்ப எங்க வச்சுத்தான் திங்கிறது?" என்று கேட்டார். தெருவில் கூடாது, பஸ்ஸில் கூடாது, பூங்காவில் கூடாது, இப்போது வீட்டிலும் கூடாது. விற்பதற்கு மட்டும் தடை கிடையாது. லிண்ட்குவிஸ்ட் கோட்டை எடுத்துக்கொண்டார்.

டப்பாவில் பத்து மிட்டாயும் அப்படியே இருந்தன. மிஸ் வெர்னிஸ் ஒன்றைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. இதைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று வாசலில் நின்று சொன்னார் லிண்ட்குவிஸ்ட். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் பிரெண்ட்.

மறுநாள் காலை அந்த ஆபீஸ் குப்பையைக் கொட்டினேன். ஒரு வாழைப்பழத் தோல், நாலு காப்பிக் கோப்பை, காலி செய்யச் சொன்ன கடிதத்தின் நகல். பின்கட்டில் இருக்கும் பெரிய தொட்டியையும் கிளறிப் பார்த்தேன். அந்தக் கட்டிடத்துக் குப்பை முழுக்க என் கை வழியாகத்தான் போகிறது. அந்த டப்பா போகவில்லை.