அபயம் தந்த வரி

மோசுல் நகரத்தை ஆண்ட அமீர் ஹுமைதைக் கிறிஸ்தவத் துறவி சப்ரிஷோ தன் வாழ்நாளில் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவரோடு மதத்தைப் பற்றி மூன்று நாள் வாதாடி ஜெயித்ததாக ஒரு புத்தகமே எழுதிவிட்டார். மனிதருக்கு அவ்வளவு பேனாக் கொழுப்பு! மடத்தில் சாப்பாட்டு வேளையில் அதை வாசிப்பார்கள். அமீர் திருதிருவென்று விழிக்கும் இடம் வந்தால் துறவிகள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு பிரதி அமீர் கைக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாளே காவலர்கள் வந்து சப்ரிஷோவை அமீரின் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வாங்க சாமி. என்னைத் தெரியுதா? உங்ககிட்ட தோத்தவன்," என்றார் அமீர். மடியில் அந்தப் புத்தகம். "கடவுளுக்குக் கல்யாணம் ஆச்சான்னு நான் கேட்டேனாமே? அவ்வளவு மடையனாய்யா நானு?"

சப்ரிஷோ கைகளைக் கூப்பினார். "எசமான்... அது சும்மா... எங்க சனங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னு..."

"உமக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியாப் பார்த்து என் வாயில திணிச்சிருக்கீரு. இப்ப நானே கேக்குறேன். உங்க கடவுள் சிலுவையில செத்து மூணு நாள் கல்லறையில கிடந்தாரே, அந்த மூணு நாளும் இந்த உலகத்தை யாரு பார்த்துக்கிட்டா?"

புத்தகத்துச் சப்ரிஷோ என்றால் பட்டென்று சொல்லியிருப்பார். இந்தச் சப்ரிஷோவுக்குப் படித்ததெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது.

"அபயம் குடுங்க எசமான்!" என்று காலில் விழுந்தார்.

"அதைத்தான் நீரே எழுதிட்டீரே!" அமீர் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "'கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை, இந்த மண்டபத்துக்குள் உனக்கு அபயம் என்றார் அமீர்.' நல்ல வரி சாமி. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே தர்றேன்."

வாசலில் வாளோடு ஒருவன் நின்றான். பதில் சொன்னால் அபயம் முடிந்தது. சொல்லாவிட்டால் மண்டபமே கதி. ஓசை நயத்துக்காக எழுதிய வரி அது! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

ஜன்னலில் மடத்து மலை தெரிந்தது. பதினொரு நாள் அதைப் பார்த்துப் பார்த்து அழுதார். தினமும் அமீர் வந்து, "பதில் கிடைச்சுதா?" என்பார். "இல்லைங்க எசமான்" என்பார் இவர். அது உண்மையாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில், ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் காவலன் முகம் கழுவக் கிண்ணத்தில் நீர் வைத்திருந்தான். நீருக்குள் சூரியன் தகதகத்தது. கழுவி முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். நீரிலிருந்த சூரியன் போயிற்று. வானத்துச் சூரியன் அதன் பாட்டுக்கு இருந்தது.

சப்ரிஷோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட, இதுதானே பதில்! கவிழ்ந்தது கிண்ணம்தான், சூரியன் இல்லையே! அவருடைய புத்தகம் முழுக்கத் தேடினாலும் இதற்கு இணையாக ஒரு பதில் கிடையாது. மடத்தில் இதை வாசித்தால் எப்படி ஆர்ப்பரிப்பார்கள்!

செருப்புச் சத்தம் கேட்டது. அமீர் உள்ளே வந்தார்.

"என்ன சாமி, முகம் இன்னிக்குப் பளபளன்னு இருக்கு? பதில் கிடைச்சுதா?"

சப்ரிஷோ வாசலில் நின்ற வாளைப் பார்த்தார்.

"இல்லைங்க எசமான்," என்றார்.