சந்துக் கோடிக்கும் ஒரு குழாய்

தாராவியில் தண்ணீர்க் குழாய் பதிக்க அந்தச் சந்து முழுவதையும் தோண்டிப் போட்டதிலிருந்து எல்லாரும் பலகைமேல் கால் வைத்துத்தான் வேலைக்குப் போனார்கள். வேல்ராஜ் மட்டும் போகிற வழியில் நின்று பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்பார். தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். எதைக் கண்டாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். அன்று காலை பள்ளத்தில் இறக்கியிருந்த குழாயைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. குழாய் ரொம்பத் தடிமனாக இருந்தது.

அந்தச் சந்தின் தண்ணீர்க் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் தரும், ஒரு சிறு பங்கை மட்டும் சந்துக்காரர்கள் போட வேண்டும் என்பது திட்டம். வேல்ராஜ் வீடு வீடாகப் போய் வசூல் செய்தார். சந்துக் கோடியில் வாடகைக்கு இருந்த சில குடும்பங்களிடம் மட்டும் வாங்க முடியவில்லை. ஜரிகை வேலை செய்து பிழைப்பவர்கள், கையில் மிச்சமில்லை. கல்யாண் நகரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரோ, அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது நானா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். பங்கு தராதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது, குழாய் அவர்கள் வாசல்வரை வராமல் முன்னாலேயே நின்றுவிடட்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. வேல்ராஜும் அதை நியாயம் என்றுதான் நினைத்தார். ஆனாலும் அங்கே குடியிருந்த ஷைஸ்தா, விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பட்டறையைக் கடக்கும்போது, அவர் தையலிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.

பங்கு கொடுத்த வீடுகளுக்கு மட்டும் என்றால் குழாய் ஏன் இவ்வளவு தடிமன் என்று மேஸ்திரி ஜம்புவிடம் கேட்டார். ஆபீஸில் கொடுத்த அளவு, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார் அவர். வேல்ராஜுக்கு வேலை ஓடவில்லை. மதியம் பட்டறையைப் பூட்டிவிட்டு வார்டு ஆபீஸுக்கே போய்விட்டார்.

திட்டத்தைக் கவனித்துக்கொண்ட என்ஜினீயர் பத்மஜா, தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழைக் கேட்டதும் உட்காரச் சொன்னார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுத்தான் எல்லாரும் வருவார்கள், குழாயின் அளவைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தார்.

"உங்க லேன்ல இருக்கற எல்லாக் குடும்பத்தையும் எண்ணித்தான் சைஸ் போட்டிருக்கோம். கோடில வாடகைக்கு இருக்கறவாளும் அதுல உண்டு. கவர்மென்ட் பணமும் அந்தக் கணக்குக்குத்தான் சாங்ஷன் ஆச்சு."

"அவிய பங்கு குடுக்கலைன்னா மேடம்?"

"பங்கு வீட்டுக்கு வீடு தனித்தனியா இல்லை. லேன் மொத்தத்துக்கும் ஒண்ணுதான். பணமா தர முடியாதவா மண்வேலையில சேர்ந்துக்கலாம், அதுவும் பங்குதான். முதல் மீட்டிங்லயே சொன்னோமே?"

சொல்லியிருந்தார்கள்தான். எவ்வளவு போட வேண்டும் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தது அவர்தான்.

திரும்பி நடந்து வரும்போது, பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் அவருக்குத் தோன்றியது. பள்ளத்தை மூடிவிட்டால் முடிந்தது. ஆனால் ஷைஸ்தா குடும்பத்தையும் கணக்கில் காட்டித்தான் பணம் வந்திருக்கிறது, அந்தப் பணத்தில் குழாய் போட்டுவிட்டு அவர்களையே வெளியில் நிறுத்தியிருக்கிறோம் என்ற நினைப்பு அவரை விடவில்லை. நேராக அவள் வீட்டுக்குப் போய் விவரத்தைச் சொன்னார். அவள் நன்றி சொல்லவில்லை. வார்டு ஆபீஸ் ஆள்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போன அன்றே எங்களுக்கும் தண்ணீர் வரும் என்று நம்பினோம், பிறகு எதற்காக எழுதினார்கள் என்றே புரியாமல் போனது என்று இந்தியில் சொன்னாள். வேல்ராஜ் அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினார்.

கமிட்டியில் சத்தம் எழுந்தது. இட்லிக் கடை அய்யாத்துரை பாதியில் எழுந்து போய்விட்டார். ஆனால் திட்டத்தின் விதியே இதுதான் என்று தெரிந்த பிறகு மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. ஷைஸ்தாவின் கணவன் ஷாகிரும் பக்கத்து வீட்டு ஆண்களும் வேலை முடிந்து வந்து மண் அள்ளினார்கள். வேல்ராஜும் அவர்களோடு பள்ளத்தில் இறங்கினார்.

கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த காலையில் அய்யாத்துரையும் வந்து நின்றார். ஷைஸ்தா குடத்தைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே, வேல்ராஜிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்பம் ரூவா குடுத்தவனுக்கும் குடுக்காதவனுக்கும் என்னடே வித்தியாசம்?"

"தண்ணி விசயத்துல ஒரு வித்தியாசமும் கிடையாது, அண்ணாச்சி," என்றார் வேல்ராஜ். "சர்க்கார் பணம் எல்லாருக்கும் பொதுவுல வருது. அதுல நாமளும் கொஞ்சம் போட்டா, கொழாயைப் பாத்துக்கிடுத பொறுப்புதான் நமக்கு வரும். இன்னொருத்தன் தொண்டையை அடைக்குத அதிகாரம் வராது."