தீவுப் பேச்சில் ஒரு பாவசங்கீர்த்தனம்

ஃபாதர் இருதயநாதனுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. கூடவே தமிழும் போய்விட்டது. கைகால் போனதைக்கூட அவர் தங்கை அற்புதமேரி தாங்கிக்கொண்டாள். தமிழ் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கண்டாச்சிபுரத்துப் பக்கம் பிறந்து, குருமடத்துக்குப் போகும்வரை தமிழைத் தவிர வேறெதுவும் பேசாத மனுஷன், இப்போது வாய் திறந்தால் தீவின் பாஷைதான் வந்தது. நாற்பது வருஷம் ஊழியம் செய்த தீவு. இப்படியும் ஆவதுண்டு என்றார் டாக்டர். நாம் பேசுவது அவருக்குப் பாதி புரியலாம், பாதி புரியாமலும் போகலாம் என்றார்.

அந்தமானுக்கும் தெற்கே, கப்பலில் போக வேண்டிய தீவு அது. அங்கே கோவில் மணி கிடையாது. பூசைக்குச் சங்குதான் ஊதுவார்கள். கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு அடுப்பு எரியாது, ஊருக்கே ஒரு அடுப்பு. முதல் கோவிலை ஆண்களும் பெண்களுமாகப் பலகை சுமந்து கட்டினார்கள். சுனாமி ஒரே காலையில் அதைக் கொண்டுபோனது, கூடவே பாதி ஊரையும். சில வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வரும்போது ஃபாதர் இதையெல்லாம் சொல்வார். போன வருஷம் உடம்பு முடியாமல் ஆயர் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார். முதிர்ந்த குருக்களுக்கு இல்லம் இருந்தது. அற்புதமேரி விடவில்லை. சண்டை போட்டுத் திண்டிவனத்துக்குத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கே சோறு போட்டவள் அவள். ஒற்றை ஆளுக்குக் கஞ்சி ஊட்டவா அலுத்துக்கொள்வாள்?

அண்ணனை யாராவது ஒரு சொல் சொன்னால் அவளுக்கு ஆகாது. அம்மா சாகக் கிடந்தபோதும் செத்தபோதும் அவர் வரவில்லை. கடல் சரியில்லை, கப்பல் விடவில்லை என்று தீவிலிருந்து செய்திதான் வந்தது. கல்லறையிலேயே பெரியப்பா மகன் ராஜாமணி வாயை விட்டான்.

"பெத்த தாய்க்கு ஒரு புடி மண்ணு போட வராத சாமியாரு, ஊருக்கெல்லாம் இன்னா பிரசங்கம் பண்றாரு?"

"கடலு உன் ஊட்டுக் கெணறாடா, எறங்கி ஏற? கப்பலே இல்லன்னா எங்க அண்ணன் நீந்திக்கினா வரும்?" என்று கிழித்துவிட்டாள். அதன்பிறகு ராஜாமணி வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடிவந்து அழைத்தும் போகவில்லை.

இப்போது அந்த அண்ணன் கடைசிக் கட்டத்தில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உதவிப் பங்குத்தந்தை அலெக்ஸ் கடைசி எண்ணெய் பூச வந்தார். பூசி முடித்துப் பாவமன்னிப்புக் கொடுக்கக் கையை உயர்த்தினார். கிழவர் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஃபாதர், வாயால சொல்லணும்னு இல்ல. மனசுல வருத்தப்பட்டா போதும். உங்களுக்குத் தெரியாததா?" என்று குனிந்து சொன்னார் அலெக்ஸ்.

தெரியும். எத்தனை பேருக்கு அவரே இதைச் சொல்லியிருப்பார். ஆனாலும் தலையை ஆட்டினார். தீவுப் பேச்சில் ஏதோ சொன்னார், கண்ணில் நீர் வழிந்தது. அலெக்ஸ் மறுபடி கையை உயர்த்த, மறுபடியும் இறக்கினார்.

அலெக்ஸ் கூடத்துக்கு வந்தார். "ஏதோ ஒண்ணு உள்ள கெடக்குதும்மா. அத வாய்விட்டுச் சொல்லாம அவரு மன்னிப்பு வாங்கமாட்டாரு. கேக்கறவனுக்கு அது புரியணும்னும் நெனைக்கிறாரு."

"எனக்குப் புரிஞ்சா நான் சொல்லமாட்டனா ஃபாதர்?"

"மொழிபெயர்க்க ஒருத்தர வெச்சிக்கலாம், திருச்சபைச் சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. ஆனா கேட்டவங்க என்னை மாதிரியே சாவறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் பாஷை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தாள். அதுதான் அற்புதமேரிக்குப் பிடிக்கவில்லை. ஆஷ்லின் அந்தத் தீவுப் பெண். விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள், சீட்டு வாங்கிக் கொடுத்தவரும் இருதயநாதன்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாள். இரண்டு பேரும் அந்தப் பாஷையில் பேசிச் சிரிப்பார்கள், அற்புதமேரி சமையல்கட்டில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். பொறாமைதான், மறைப்பானேன். கூடப் பிறந்தவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருக்க, நேற்று வந்தவளுக்குத்தான் அண்ணன் பேச்சு கிடைக்கிறது என்று வயிறு எரிந்தது. அதற்காக மனபாரத்தோடு அவரைச் சாகவிட முடியுமா? அவளே போன் போட்டாள்.

ஆஷ்லின் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தாள். அலெக்ஸ் அவளிடம் வாக்கு வாங்கினார். இவள் கேட்கலாமா என்று கிழவரைக் கேட்டதற்கு அவர் ஆமென்று தலையசைத்தார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அற்புதமேரி ஜெபமாலையை எடுத்தாள். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. உள்ளே அண்ணன் குரல் நின்று நின்று வந்தது, பிறகு அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்து வந்தது. மனம் கண்ட இடத்துக்கெல்லாம் போயிற்று. அங்கே யாராவது பெண்ணா? பிள்ளை கிள்ளை உண்டா? சீ, என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. மன்னிப்புக் கொடுத்தாயிற்று என்றார் அலெக்ஸ். ஆஷ்லினின் கண்கள் சிவந்திருந்தன.

"ஆன்ட்டி, உங்களக் கூப்பிடறாங்க."

உள்ளே போனதும் கிழவர் தங்கையைக் காட்டி ஆஷ்லினிடம் ஏதோ சொன்னார். அவள் திகைத்து அலெக்ஸைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொன்னத இவங்களுக்கும் சொல்லுன்னு சொல்றாங்க ஃபாதர். நான் சொல்லலாமா?"

"கூடாது. பாவசங்கீர்த்தனத்துல கேட்டது அதோட போச்சு. அவரே கேட்டாலும் அத நீ தொடாத." அலெக்ஸ் கொஞ்சம் யோசித்தார். "ஆனா இப்ப அவரு தங்கச்சிகிட்ட புதுசா பேசினா, அது வெறும் பேச்சு. அத நீ தமிழ்ல சொல்லலாம். நான் வெளிய இருக்கேன்."

இருதயநாதன் மூச்சைத் திரட்டினார். ஒவ்வொரு வாக்கியமும் மேடேறுகிறவன் நின்று நின்று போவதுபோல வந்தது. ஆஷ்லின் கிழவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஹாஸ்டலில் கற்ற தமிழில் சொன்னாள்.

"அம்மா சாகக் கெடந்தப்ப எனக்குச் செய்தி வந்திடுச்சு. கப்பல் இருந்தது."

அற்புதமேரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "கடலு?"

"கடல் நல்லாதான் இருந்தது. பெட்டி எடுத்துட்டு கப்பல்துறை வரைக்கும் போனேன். அது சுனாமிக்கு அடுத்த வருஷம். கோவில் இல்ல. ஜனங்க எல்லாம் தகர ஷெட்டுல இருந்தாங்க. அவ்வளவு பேர அடக்கம் பண்ணி எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. எப்படா ஓடிடலாம்னு இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மா முகத்தப் பாத்தா, நான் திரும்ப மாட்டேன். அது எனக்குத் தெரியும். அதனால ஏறல. கப்பல் இல்லன்னு பொய் சொல்லி அனுப்பினேன்."

ஆஷ்லின் நிறுத்தினாள். பிறகு, "இது நான் சொல்றது ஆன்ட்டி. அந்த ஷெட்டுலதான் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. எங்கம்மா அப்பா ரெண்டு பேரும் அலையில போயிட்டாங்க. எங்களுக்கு அப்ப ஃபாதர் மட்டும்தான் இருந்தாங்க" என்றாள்.

அற்புதமேரி விறுவிறுவென்று சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ராஜாமணியைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. அதைவிட அம்மா ஞாபகம் வந்தது. வாசல் படல் சத்தம் கேட்டால் போதும், "இருதயம் வந்துட்டானா?" என்பாள் அம்மா. "கடலு அடங்கட்டும்மா, வந்துடும்" என்று அவளே அல்லவா சொல்லிச் சொல்லிப் படுக்கவைத்தாள். சாகிற தாய்க்குத் தன் வாயாலேயே பொய்யை ஊட்டியாயிற்று. இத்தனை வருஷம் கழித்து, கைகால் விழுந்து கிடக்கிறவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது. அது ஆத்திரத்தைக் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பால் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

அண்ணன் கண்ணை வாசலிலேயே வைத்திருந்தார். இவள் திரும்பி வரமாட்டாள் என்று பயந்திருப்பார் போல.

"நான் பேசறத அப்படியே சொல்லும்மா" என்றாள் ஆஷ்லினிடம். கட்டிலில் உட்கார்ந்து அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிட்டேன் அண்ணா. ராஜாமணிகிட்ட நான் அவமானப்பட்டாலும் பரவால்ல, மன்னிச்சிட்டேன்."

ஆஷ்லின் அதைத் தீவுப் பேச்சில் சொன்னாள்.

"ஆனா அம்மாவுக்குச் செஞ்சத நான் எப்பிடி மன்னிக்கறது? அது என்னுது இல்லியே. அவங்க உசுரு போறவரைக்கும் உன் வழியத்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

இந்த நேரத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்பதுபோல ஆஷ்லின் அவளைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. ஒண்ணு உடாம சொல்லு."

அவள் சொன்னாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். அற்புதமேரி அவர் கன்னத்து நீரை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"அத அவங்ககிட்ட நீயே போய்க் கேட்டுக்க. இங்க எனக்காக இழுத்துப் புடிச்சிக்கினு கெடக்காத. அங்கயும் அம்மா உன் வழியத்தான் பாத்துக்கினு இருப்பாங்க. இந்த வாட்டி நின்னுடாத அண்ணா, ஏறிப் போ."

ஆஷ்லின் அழுதுகொண்டே அதையும் சொல்லி முடித்தாள்.