இருட்டறையில் பத்து எண்ணிக்கை

அத்திம்பேருக்கு நமஸ்காரம். எல்லோரும் தூங்கியாயிற்று. காலைத் தபாலில் போகும் இந்த உறைக்குள் ஒரு படம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அது எப்படி விழுந்தது என்பதில் பாதி அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவாள்.

யுத்தத்துக்குக் கப்பல் ஏறும் முன் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பம்பாயிலிருந்து எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை கப்பல். குழந்தை பிறந்து ஐந்தே நாள். பதினோராம் நாள் புண்யாகவாசனம் ஆகித் தீட்டுக் கழியும்வரை அக்காவும் குழந்தையும் அந்த அறையை விட்டு வரக்கூடாது. பச்சைக் குழந்தைக்குக் காற்றுப் படும் என்று ஜன்னலையும் அம்மா திறக்க விடவில்லை.

அடுத்தாத்து சாம்பு அண்ணா காமிராவும் வெளிச்சம் அளக்கும் மீட்டருமாக வந்து ரேழியிலேயே நின்றுவிட்டார். பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளை போகலாமா? நான் போகிறேன் என்றேன்.

"ஃபிலிம்ல ஒரே படம்தான் பாக்கி, திரிபுரா. மைசூர் பூரா தேடியாச்சு, வேற கெடைக்கலே. கெடுத்தியோ, அவ்வளவுதான்."

"பயமுறுத்தாதேங்கோ அண்ணா."

உள்ளே போய் மீட்டரை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். முள் அசையவில்லை. கத்திச் சொன்னேன்.

"முள் அசையலேன்னா படம் இல்லே. வந்துடு!" என்று ரேழியிலிருந்து சாம்பு அண்ணா குரல். அக்கா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழந்தைக்குப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியிடம் மீட்டரைக் கொண்டுபோனேன். முள் லேசாக நகர்ந்தது! இரண்டு விநாடி என்று கணக்கு வந்தது. ஆனால் அது துணிக்கான கணக்கு. முகம் அத்தனை வெளுப்பா? கொல்லைத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். கொடியில் கிடந்த வேஷ்டியை அளந்தால் இருநூறு. அதே நிழலில் என் முழங்கையை அளந்தால் நாற்பது. துணியின் வெளுப்பில் தோல் ஐந்தில் ஒரு பங்கு!

"தீட்டோட ஓடறா பாரு! மடி வேஷ்டியைத் தொட்டியோடி?" என்று அம்மா கத்தினாள்.

"தொடலேம்மா, பார்த்தேன்!"

அப்படியானால் முகத்துக்கு இரண்டை ஐந்தால் பெருக்க வேண்டும். காமிராவை முக்காலிமேல் வைத்தேன்.

"அக்கா, பத்து எண்றவரைக்கும் அசையாதே."

"அசைஞ்சா?"

"ரெண்டு மூக்கு விழும்."

"சிரிக்க வெக்காதேடி, பாவி!"

விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இத்தனை நீளமான பத்தை நான் எண்ணியதே இல்லை.

வெளியே வந்ததும் அம்மா, "ரெண்டு மிஷினையும் தொட்டியில முக்கி எடு," என்றாள்.

"தண்ணி பட்டா செத்துடும்மா."

"நீ தெனம் முழுகறே, செத்தா போறே? போனாப் போறது, தெளிச்சாவது குடு."

நான் தலைமுழுகினேன். இரண்டுக்கும் தெளித்தாயிற்று என்று சொன்னேன். தெளிக்கவில்லை. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம் சாம்பு அண்ணா ஈரப் படத்தோடு தெருவிலேயே கத்திக்கொண்டு வந்தார். "விழுந்துடுத்து! கண்ணிமை கூட விழுந்திருக்கு! எத்தனை எண்ணினே?"

"பத்து. துணிக்கு ரெண்டு, முகத்துக்கு அஞ்சு மடங்கு."

"நானா இருந்தா ரெண்டே எண்ணி ஃபிலிமைப் பாழாக்கியிருப்பேன்." அதை அம்மா காதுபடவே சொன்னார்!

படத்தை அறை வாசலில் பிடித்துக் காட்டினேன். "அவர் மூக்குடீ!" என்று அக்கா சிரித்தாள், அழுதாள், மறுபடி காட்டச் சொன்னாள். ஏழு தடவை காட்டினேன்.

இடது கை மட்டும் புகை மாதிரி தெரியும். அது என் தப்பு இல்லை. எட்டு எண்ணும்போது உங்கள் பிள்ளை விரலை விரித்தான்.